543 பேருக்கும் ஒரு நர்சம்மா எழுதுவது

மக்களவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

2025 ஜூன் 16ஆம் தேதி அரசிதழில் வந்த அறிவிக்கையைப் படித்தேன். 2027 மார்ச் 1ஆம் தேதியை வைத்து நாட்டு மக்களை எண்ணப் போகிறார்கள். எண்ணட்டும். எண்ணி முடித்த பிறகு, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று பங்கு பிரிக்க உட்காருவீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் 1981 முதல் 2019 வரை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். பதவியின் பெயரை அரசாங்கம் ஒன்றிரண்டு முறை மாற்றியது. ஊரில் கடைசி வரைக்கும் நர்சம்மாதான். எழுமலை, சேடப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பாதி தூரம் பஸ், மீதி நடை. தடுப்பூசி, பிரசவம், சத்து மாத்திரை எல்லாம் பார்த்தோம். ஆனால் மேலதிகாரி வந்து நோட்டைப் பிரித்தால் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "இந்த மாசம் எத்தனை கேஸ்?" கேஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. டார்கெட் முடியவில்லை என்றால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள். 1996இல் அந்த டார்கெட் முறையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் பதினைந்து மார்ச் மாதங்களைப் பார்த்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆண்களைப் பிடித்துப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்த அவசரநிலை முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். வீட்டில் இருப்பது பெண்கள்தான். அதனால் ஆபரேஷன் அவர்கள் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். முகாம் நாளில் வராந்தாவில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்கள். ஏழாம் நாள் தையல் பிரிக்க நான் வீட்டுக்குப் போவேன். அந்த நேரத்தில்கூட முற்றத்தில் உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்திக்குப் புண்ணில் சீழ் வைத்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். கூலி போனது, ஊக்கத்தொகையாக வந்த காசு மருந்துக்கே சரியாகப் போனது. அவள் புருஷன் என்னைத் திட்டியது இன்னும் காதில் கேட்கிறது. திட்டியதில் தப்பு இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். இரண்டு பிள்ளை பெற்ற மருமகளை ஆபரேஷனுக்கு அழைக்கப் போயிருந்தேன். திண்ணையில் இருந்த மாமியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏத்தா நர்சு, ஊருல ஆள்பலம் இருக்கறவன் சொல்றதுதான் எடுபடுது. நாலு அண்ணன் தம்பி இருக்கற வீட்டுக்காரன் கண்மாய்த் தண்ணிய முதல்ல திருப்பிக்கிறான். நாங்க ரெண்டோட நிப்பாட்டிக்கிறோம். நாளைக்கு எங்க வீட்டுல ஆளு கம்மின்னு எவனாச்சும் எளப்பமாப் பேசுனா, நீ வந்து நிப்பியா?"

நான் சிரித்தேன். இருபத்திரண்டு வயசு. "இது நாடே சொல்றது அப்பத்தா. கவர்மென்ட் பாத்துக்கிடும்" என்றேன். மருமகள் ஜீப்பில் ஏறினாள்.

அந்தக் கேள்வி இவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு அப்போது தெரியாது.

உசிலம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். 1986இல் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குப் பிறகு பெண் சிசுக்கொலை என்ற சொல்லோடு சேர்த்தே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரில் நாங்கள் எழுதினோம். அந்த இருவரில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்று ஊர் அதற்குக் கீழே தன் பங்குக்கு எழுதிக்கொண்டது. சிறு குடும்பம் என்ற திட்டமும் ஆண் பிள்ளை ஆசையும் ஒன்றுக்கொன்று மோதிய இடத்தில் நசுங்கியது பெண் குழந்தைகள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் அந்த வருஷம்தான் வந்தது. பெண் குழந்தைக்கென்று அந்தத் திட்டத்தில் தரும் பணம் வேண்டுமானால் தாய் தகப்பனில் ஒருவர் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். இதிலும் ஆபரேஷன்தான். எங்கள் ஊர் கொடுத்த விலையில் இதுவும் சேர்த்தி. பெருமையாகச் சொல்லவில்லை. மக்கள்தொகைப் பெருக்கம் குறைந்தது ஏதோ தானாக நடந்தது போல டெல்லியில் பேசுகிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு நேரம் இருந்தது, பேத்தியின் செல்போன் இருந்தது. தேடித் தேடிப் படித்தேன்.

1976 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தது. மாநிலத் திட்டங்களுக்குத் தரும் மத்திய உதவியில் 8 சதவீதத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டில் ஒரு மாநிலம் எப்படிச் செயல்படுகிறது என்பதோடு அது முடிச்சுப் போட்டது. அதே அறிக்கையில், 2001 வரை மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படியே இருக்கும் என்றும் சொன்னது. காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆட்களைக் குறைத்தால் எம்.பி.யும் குறையும் என்றால் எந்த மாநிலம் குறைக்கும்? பிறகு அந்த வருஷமே அரசமைப்பின் 42ஆவது திருத்தம் வந்தது. அதில் மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கிலேயே நிறுத்தி வைத்தார்கள். அதே திருத்தத்தில்தான் 'மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பத் திட்டமும்' என்பதைப் பொதுப் பட்டியலில் 20ஏ என்று புதிதாகச் சேர்த்தார்கள். ஒரே தாளின் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் எங்களுக்கு வேலை, இன்னொரு பக்கத்தில் உங்கள் வாக்குறுதி. (அந்த வருஷம் ஜனவரி 31ஆம் தேதியே எங்கள் மாநில அரசைக் கலைத்துவிட்டார்கள். திருத்தம் நிறைவேறியபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு என்று ஒன்று இல்லை. எங்களைக் கேட்டுக்கொண்டு இந்த ஒப்பந்தம் நடக்கவில்லை. ஆனால் எங்கள் பங்கை நாங்கள் செய்து முடித்தோம்.)

2000இல் வந்த தேசிய மக்கள்தொகைக் கொள்கை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. மாநிலங்கள் பயமில்லாமல் மக்கள்தொகையை நிலைப்படுத்தும் வேலையைச் செய்ய வேண்டும், அதற்காக இந்த நிறுத்தத்தை 2026 வரை நீட்டிக்க வேண்டும் என்றது. 84ஆவது திருத்தம் அப்படியே நீட்டித்தது: 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரும்வரை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2021 கணக்கெடுப்பு 2021இல் நடந்திருந்தால், 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு 2031இல்தான் வந்திருக்கும். கொரோனா என்று தள்ளி வைத்தீர்கள், சரி. அது போன பிறகும் தள்ளி வைத்தீர்கள். இப்போது 2027. தாமதம் டெல்லியுடையது, அதனால் முன்னால் வந்து நிற்கும் கத்தி எங்களுக்கு.

எண்களைச் சொல்கிறேன். 1971இல் தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர். 2011இல் 7.21 கோடி. ஒன்றே முக்கால் மடங்கு. அதே நாற்பது வருஷத்தில் ராஜஸ்தான் 2.58 கோடியிலிருந்து 6.85 கோடி ஆனது, இரண்டரை மடங்குக்கும் மேல். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் எங்கள் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3.0. இப்போது 543 இடங்களில் எங்களுக்கு 39, அதாவது நூற்றுக்கு ஏழுக்குக் கொஞ்சம் மேல். 2011 தலைக்கணக்குப்படி அதே 543ஐப் பிரித்தால் எங்களுக்கு 32 வரும், உத்தரப் பிரதேசம் 80இலிருந்து 90ஐத் தொடும். 2027 கணக்கில் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

2025 பிப்ரவரி 26ஆம் தேதி உள்துறை அமைச்சர் கோயம்புத்தூரில் பேசும்போது, விகிதாசாரப்படி பார்த்தால் தென் மாநிலங்களுக்கு ஒரு தொகுதிகூடக் குறையாது என்றார். எந்த விகிதாசாரம் என்று சொல்லவில்லை. இன்றுள்ள பங்கின் விகிதமா, மக்கள்தொகையின் விகிதமா? புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கை போட்டிருக்கிறீர்கள். இன்றைய பங்குப்படி என்றால் அதில் எங்களுக்கு 64 வர வேண்டும். 2011 தலைக்கணக்குப்படி என்றால் 53தான். "39 எங்கே, 53 எங்கே, கூடத்தானே செய்திருக்கிறது" என்று அப்போது சொல்வீர்கள். எங்கள் பக்கம் 58 கிராமக் கால்வாய்க்காகப் பல வருஷம் போராடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கால்வாயில் தண்ணீர் கூடியிருக்கிறது, உன் மடைக்கு மட்டும் பங்கு குறைந்திருக்கிறது, சந்தோஷப்படு என்று சொல்லிப் பாருங்கள்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு, இது ஜனநாயகம் இல்லையா? நியாயமான கேள்வி. 2011 கணக்கில் உத்தரப் பிரதேச எம்.பி. ஒருவர் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்குப் பேசுகிறார், எங்கள் எம்.பி. பதினெட்டரை லட்சம் பேருக்கு. இது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் லட்சத்தீவில் 2011இல் 64,000 பேர்தான். அவர்களுக்கும் ஒரு எம்.பி. இருக்கிறார், இருக்கவும் வேண்டும். நம் அரசமைப்பே மக்கள்தொகை 60 லட்சத்துக்கு மேற்படாத மாநிலங்களுக்கு இந்தச் சமன்கணக்கிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. தலையை மட்டும் எண்ணி இந்த ஒன்றியத்தைக் கட்டவில்லை. மாநிலங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

பீகார்த் தாயோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் கட்டட வேலைக்கு வந்த ஒரு பீகார்க் குடும்பம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசில் நாலு பிள்ளை. அவளுடைய மூத்த மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். அந்தச் சின்னப் பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டு அம்மா என்னிடம் கேட்டாள்: இதை நிறுத்த என்ன செய்ய வேண்டும், ஊரில் இதையெல்லாம் சொல்ல ஆளே வரவில்லை என்று. நான்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அவளுக்குக் குறைந்தது எம்.பி. இல்லை. வாசலுக்கு வரும் நர்சு. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பது, அதற்குக் குரல் கொடுக்க வேண்டியது அவள் ஊர்ச் சட்டமன்றம். அங்கே ஆள் போதவில்லை என்றால் எம்.எல்.ஏ.க்களைக் கூட்டுங்கள். உத்தரப் பிரதேசத்தில் 403 பேர்தான் இருக்கிறார்கள், அரசமைப்பு 500 வரை இடம் தருகிறது. பீகாரில் 243. அதைச் செய்ய யாருடைய பங்கையும் குறைக்க வேண்டியதில்லை.

இது எங்களுக்கு முதல் தடவையும் இல்லை. 1962 தேர்தலில் அன்றைய மெட்ராஸ் மாநிலத்துக்கு 41 எம்.பி. 1967இல் 39. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக இரண்டு இடம் போனது சரிதானா என்று 2021 ஆகஸ்டில் கேட்டது எங்கள் மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைதான். பதினான்கு தேர்தல்களுக்கு 5,600 கோடி ரூபாய் ஏன் இழப்பீடாகக் கொடுக்கக் கூடாது என்றுகூட நீதிபதிகள் கேட்டார்கள். 1999இல் ஒரே ஓட்டில் ஒரு மத்திய அரசு கவிழ்ந்ததையும் நினைவுபடுத்தினார்கள். அந்தச் செய்தியை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

எல்லை மாற்றுவது என்றால் என்ன என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். சேடப்பட்டி என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் அது இல்லாமல் போனது. பொது அறிவிப்பு, கருத்துக் கேட்பு எல்லாம் சட்டப்படி நடந்திருக்கும். எங்கள் கிராமங்களில் பல பேருக்கு அடுத்த தேர்தலில்தான் விஷயமே தெரிந்தது. தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறை ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கும் அரசமைப்பின் 329ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. அதனால்தான் ஆணையம் வருவதற்கு முன்னாலேயே உங்களுக்கு எழுதுகிறேன்.

பணத்தைப் பிரிக்கிற குழுவுக்குக்கூட இந்த நியாயம் கொஞ்சம் உறைத்திருக்கிறது. 15ஆவது நிதிக் குழு மாநிலங்களின் வரிப் பங்கைக் கணக்கிட்டபோது 1971 கணக்கை விட்டு 2011க்குப் போனது. ஆனால் பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கென்று 12.5 சதவீதம் மதிப்பும் வைத்தது. அப்படியும் எங்களுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம்தான், அது வேறு சண்டை. தொகுதிக் கணக்கில் அந்த அளவு மனசாட்சிகூட இன்னும் காணோம்.

எங்கள் பக்கத்து அரசியல்வாதிகளையும் நான் விடப் போவதில்லை. 2025இல் எங்கள் முதல்வராக இருந்த ஸ்டாலின் கல்யாண மேடையில் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அப்போதைய ஆந்திர முதல்வரும் அதையே சொன்னார். கேலிக்கோ வருத்தத்துக்கோ, எதற்குச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் "குறைத்துக்கொள்" என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். இப்போது தொகுதி எண்ணிக்கைக்காக "கூட்டிக்கொள்" என்று சொல்ல எந்த நர்சும் எந்த வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது. இந்தச் சண்டையை நீங்கள் சபையில் தீர்த்துக்கொள்ளுங்கள். மறுபடியும் எங்கள் பெண்களின் வயிற்றுக்கு வராதீர்கள்.

நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2025 மார்ச் 5ஆம் தேதி சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம் கேட்டதையே முதலில் கேட்கிறேன்: 2026இலிருந்து இன்னும் முப்பது வருஷத்துக்கு மாநிலங்களின் பங்கு 1971 கணக்குப்படியே இருக்க அரசமைப்பைத் திருத்துங்கள். மொத்த இடங்களைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எல்லா மாநிலத்துக்கும் இன்றுள்ள பங்கின் அதே விகிதத்தில் கூட்டுங்கள். அதை மேடையில் சொல்ல வேண்டாம், மசோதாவில் எழுதுங்கள்.

மக்களவையில் பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடங்களை இந்தத் தகராறிலிருந்து கழற்றி எடுங்கள். 2023இல் 106ஆவது திருத்தத்தை நிறைவேற்றிக் கைதட்டினீர்கள். கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று அதை அங்கே கட்டிப் போட்டதும் நீங்கள்தான். 543இல் மூன்றில் ஒன்று 181. அதற்குப் புதிய எல்லை எதுவும் தேவையில்லை. அடுத்த தேர்தலிலேயே கொடுங்கள். எங்கள் பெயரைச் சொல்லி எங்கள் மாநிலத்தின் பங்கைக் குறைக்கும் சட்டத்துக்கு ஓட்டுக் கேட்காதீர்கள்.

ஆணையம் என்று ஒன்று அமைந்தால் அதன் அமர்வு ஒன்றாவது மதுரையில், தமிழில் நடக்க வேண்டும். அந்த அமர்வுக்குக் கட்சிக்காரர்களோடு சேர்த்து, இந்த வேலையைச் செய்த செவிலியர்களையும் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களையும் கூப்பிடுங்கள். பஸ் காசு நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

எங்கள் 39 பேருக்குத் தனியாக ஒன்று. வெளிநடப்பு செய்யாதீர்கள். உள்ளே இருங்கள். 1976 கொள்கை அறிக்கையையும் 2000 கொள்கை அறிக்கையையும் சபையின் மேசையில் வையுங்கள். இந்த வாக்குறுதி இன்னும் இருக்கிறதா இல்லையா என்று அமைச்சரிடம் கேளுங்கள். ஒரே வார்த்தையில் பதில் வாங்குங்கள்.

பதிலை எனக்கும் அனுப்புங்கள், தமிழில். அந்த மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு ஜீப்பில் ஏறிய மருமகள் இருக்கிறாள், அவளுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னமும் இடுப்பு வலிக்கிறது என்று என்னிடம்தான் மாத்திரை கேட்டு வருவாள். அவளுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்